அடி விழுவதற்கு முன் ஒரு விளம்பரம்

என் வேலையைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சந்தா கட்ட வேண்டாம், கேபிள் வேண்டாம், இணையம் மட்டும் இருந்தால் போதும் என்று புது டிவிகளில் சும்மா ஓடுகிற சினிமா சேனல்கள் இருக்கின்றனவே, அவற்றில் படத்தை எந்த இடத்தில் நிறுத்தி விளம்பரம் போடலாம் என்று குறித்துக் கொடுப்பவள் நான். பார்ப்பவர்கள் காசு தருவதில்லை. விளம்பரம்தான் சேனலுக்குச் சோறு போடுகிறது. இயந்திரமே இடம் தேடிக் குறித்துவிடும், ஆனால் அதற்கு ஒரு விவஸ்தையும் கிடையாது. ஒருவன் வசனத்தில் பாதியைச் சொல்லி வாயைத் திறந்தபடி நிற்கும்போது சோப்பு விளம்பரத்தைக் கொண்டுவந்து சொருகும். அதனால் சென்னைக் கம்பெனிக்கு என்னைப் போல ஒருத்தி தேவைப்பட்டாள். தக்கலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன். அவ்வளவுதான் என் ஆபீஸ்.

எனக்குத் தந்தது சண்டைப் படங்கள் மட்டும் ஓடும் சேனல். தெலுங்கிலிருந்தும் இந்தியிலிருந்தும் மொழி மாற்றியவை, மலிவாகக் கிடைத்தவை. காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு முன் பத்திருபது பேராவது தாடை உடைந்து, கண்ணாடிக் கதவுக்குள் போய் விழுந்து, ரத்தம் கக்குவார்கள். அரிவாள், இரும்புக் கம்பி, சைக்கிள் செயின், எது கையில் கிடைக்கிறதோ அது. முதல் வாரம் சாப்பாடே இறங்கவில்லை என்று என்னுடன் சேர்ந்த பெண்கள் சொன்னார்கள். எனக்கு நன்றாகவே இறங்கியது.

சேர்ந்த அன்றே ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். அடி விழுந்த பிறகு வெட்டக் கூடாது, விழுவதற்கு முன் வெட்ட வேண்டும். கை ஓங்கியிருக்க வேண்டும், இறங்கியிருக்கக் கூடாது. அப்போதுதான் பார்ப்பவன் விளம்பரம் முடியும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் அந்த இடத்தைப் பிடிக்க முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நான் ஒரு முறை பார்த்தாலே குறித்துவிடுவேன். எங்கள் மேற்பார்வையாளர், என்னைவிட வயது குறைந்த ஒரு சென்னைப் பையன், "எப்படி மேடம் கரெக்டா பிடிக்கிறீங்க?" என்று போனில் கேட்டான். பழக்கம்தான் தம்பி என்று சொன்னேன். எங்கே பழகினேன் என்று அவன் கேட்கவில்லை.

அப்பாவிடம் பழகினேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர், ஊரில் நல்ல பெயர். வீட்டில் எங்கள் மூன்று பேரையும் அடிப்பார். அம்மையை, அக்காவை, என்னை. மீன்குழம்பில் புளி கூடினால் அடிப்பார், கணக்கில் மார்க் குறைந்தால் அடிப்பார், ஒன்றுமே இல்லாவிட்டால் அது என்ன மௌனம் என்று கேட்டு அடிப்பார். ஒரு முறை அக்காவின் தலையைப் பிடித்து அலமாரியின் விளிம்பில் இடித்தார். புருவத்தின் மேல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். எல்லாரும் முழங்கால் போட வேண்டும். உதடு வீங்கிய அம்மை பாட்டை எடுத்துக் கொடுப்பாள், நாங்கள் பின்னால் பாடுவோம், அப்பா கண்ணை மூடி எங்களுக்காக உருக்கமாக ஜெபிப்பார்.

அக்கா எப்போதும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது அவள் செய்த தப்பு. அப்பாவின் முகம் சிரித்துக்கொண்டேகூட இருக்கும். நான் தோளைப் பார்த்தேன். அடிப்பதற்கு முன் வலது தோள் கொஞ்சமாக மேலே ஏறும், சட்டைக் காலர் காதை நோக்கி நகரும். அதைப் பார்த்ததும் நான் ஒரு அடி பின்னால் போய்விடுவேன், இல்லாவிட்டால் தண்ணீர் எடுக்கிற மாதிரி அடுக்களைக்குள் நுழைந்துவிடுவேன். ஓங்கிய கை சும்மா இறங்காது, எனக்கு வர வேண்டியதும் சேர்த்து அக்காவுக்கே விழும். சின்ன வயதில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அக்காவை அருமனைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ரப்பர் தோட்டம், மரங்களில் தானே பால் வெட்டுவார், அதை ஷீட்டாக அடிப்பார், சபைக் கமிட்டியிலும் இருந்தார். அத்தான் என்று நான் வாய் நிறையக் கூப்பிட்டேன். மூன்று கிறிஸ்துமஸுக்கு அக்கா முழங்கைக்குக் கீழே இறங்கும் ஜாக்கெட் போட்டு வந்தாள். அது புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டேன், தோளைப் பார்த்தே அடியைக் கண்டுபிடிக்கிறவள் நான். நான்காவது கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் அவள் முடியைத் தூக்கிக் கொண்டை போட்டபோது கழுத்தின் பின்புறம் நான்கு விரலும் பதிந்து நீலமாகக் கிடந்தது.

"எதுக்கு அடிச்சாரு?" என்று கேட்டேன்.

"மழ பெஞ்சுது மக்கா," என்றாள்.

மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. பால்வெட்டு இல்லையென்றால் அவர் காலையிலிருந்து வீட்டில் இருப்பார். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது. எங்கள் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் மழைதான். அன்றிலிருந்து தக்கலையில் வானம் இருட்டினால் அக்காவுக்குப் போன் பண்ணுவேன். அம்மையிடம் சொன்னபோது, "பொறுத்துதான் போணும், நான் போகலியா?" என்றாள். நீ பொறுத்துப் போன லட்சணம்தான் தெரிகிறதே என்று நான் கத்தினேன். அம்மை என்னைப் பார்த்து, "அப்பனுக்க கோவம் அப்பிடியே இருக்கு உனக்கு," என்றாள். அதை நான் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அத்தான் கேபிள்காரனோடு சண்டை போட்டு அவனைக் காதோடு சேர்த்து அறைந்தார். கேபிள்காரன் போகிற போக்கில் வயரை வெட்டிவிட்டுப் போய்விட்டான். டிவி இல்லாத வீட்டில் மழைநாளில் அவரோடு இருக்க முடியவில்லை, ஏதாவது செய் என்று அக்கா போன் பண்ணினாள். எனக்கு ஒரு யோசனை வந்தது, அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகவும் தெரிந்தது. பஸ் பிடித்துப் போனேன். அவர்கள் வீட்டு டிவியில் இணையத்தைச் சேர்த்து, என் சண்டைச் சேனலையே எடுத்து வைத்தேன். ஒரு ஆளை நாற்காலியில் கட்டிப்போடுகிற படங்கள் எவை என்று எனக்குத் தெரியாதா? அடி பார்க்க வேண்டுமென்றால் அங்கே பார்க்கட்டும், அக்காவை விடட்டும் என்று நினைத்தேன்.

அத்தானுக்கு ரொம்பச் சந்தோஷம். "கொள்ளாம் மக்கா, காசும் வேண்டாம், கேபிள்காரனுக்க மூஞ்சியும் பாக்காண்டாம்," என்றார். என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும்தான் தெரியும். இரண்டு வாரம் அக்காவின் குரல் போனில் லேசாக இருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்து, கை ஓங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டே, அவரையும் நான்தான் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு மழைநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. குசுகுசுவென்று பேசினாள். பின்னால் எங்கோ பல்பொடி விளம்பரத்தின் பாட்டு கேட்டது.

"எங்க இருக்க?"

"அடுக்களைல. கதவச் சாத்தியாச்சு."

"எதுக்கு?"

"வெளம்பரம் ஓடுகு. சண்ட நல்லா ஏறி வரும்போ நிறுத்திப் போடுகானுவ மக்கா. அவருக்குக் கை துடிக்கும். எந்திச்சு வருவாரு. வெளம்பரம் முடியும்வர நான் தாப்பாளப் போட்டுட்டு இஞ்ச இருப்பேன். சண்டச் சத்தம் திரும்பக் கேட்டா தெறப்பேன்."

என்ன படம் என்று கேட்டேன். சொன்னாள். போனை வைத்துவிட்டு அந்தப் படத்தின் கோப்பைத் திறந்து பார்த்தேன். இரும்புக் கம்பியை ஓங்கியபடி ஒருவன் நிற்கிறான், கீழே ஒருவன் கையால் முகத்தை மறைத்துக் கிடக்கிறான். கம்பி இறங்குவதற்கு முன் என் குறி. நான் அந்த இடத்தில் நிறுத்திய அடியை அத்தான் எழுந்து வந்து என் அக்கா மேல் முடித்து வைத்திருக்கிறார்.

அன்று முதல் நான் குறிக்கும் இடத்தை மாற்றினேன். காதல் பாட்டு முடிந்த இடம், கதாநாயகனின் அம்மா இட்லி பரிமாறும் இடம், கோமாளி வழுக்கி விழும் இடம், இப்படி ரத்தம் சூடாகாத இடமாகப் பார்த்து விளம்பரத்தை வைத்தேன். பழைய படங்களையும் திறந்து, கேட்காமலே திருத்தினேன். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வீடுகளில் ஓடுகிற சேனலை, அருமனையில் ஒரே ஒரு அடுக்களைக்காக மாற்றிக்கொண்டிருந்தேன். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். எனக்கு அப்போது அது ஒன்றுதான் கைக்கு எட்டியது. அக்காவிடம் போனில், "இப்ப எப்படி?" என்று கேட்பேன். "கொறவுதான் மக்கா," என்பாள். நான் நம்பினேன்.

கம்பெனிக்குத் தெரியாமல் போகுமா? விளம்பரம் வந்ததும் ஆட்கள் வேறு சேனலுக்குப் போய்விடுகிறார்கள் என்று அந்தச் சென்னைப் பையன் கூப்பிட்டான். "சண்டையில வைக்காம இட்லி சாப்பிடறப்ப வைக்கிறீங்க, யாரு மேடம் உக்காருவாங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், மவுஸைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது மூன்றாகப் பிளந்து விழுந்தது. வேலையிலிருந்து கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருப்பதாக மாலையில் எழுதி அனுப்பினார்கள். போகட்டும், அக்கா பிழைத்தால் போதும் என்று இருந்தேன்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் அக்கா போனை எடுக்கவில்லை. மத்தியானம் பஸ் ஏறி அருமனையில் இறங்கி, நனைந்துகொண்டே நடந்தேன். தோட்டத்து மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகள் எல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து வழிந்தன. வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அத்தான் சோபாவில் கால் நீட்டிக் கிடந்தார். "வா மக்கா, நனஞ்சு போனியா?" என்று சிரித்தார். திரையில் ஒரு காதல் பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. நான் வைத்த விளம்பரம்.

அக்கா அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கண் முழுக்க மூடிப் போயிருந்தது. காதோரம் ரத்தம் காய்ந்து முடியோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?"

"காலைல."

அடுத்து நான் கேட்டது இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது. "படம் எந்த இடத்துல இருந்துது? சண்டையிலயா நிறுத்தினான்?" என்று கேட்டேன்.

அக்கா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "படமா? நேத்து ராத்திரிலேர்ந்து கரண்டே இல்ல மக்கா. இப்பதான் வந்துது."

"அப்போ நீ வெளம்பரம்னு சொன்னியே."

"அடிச்சதுக்கு ஏதாவது ஒரு காரணம் வேணுமில்லியா. கேபிள் இல்லாதப்போ கேபிள் இல்லன்னு நெனச்சேன். பெறவு வெளம்பரம்னு நெனச்சேன். காரணம் தெரிஞ்சா தப்பிக்கலாம்லா."

இரண்டு பேரும் ஒரே மாதிரி மடச்சிகளாக இருந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் குறிக்கும் அவன் கைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. மழைக்கும்கூட இருந்திருக்காது. அத்தானை இதுவரை 'அவர்' என்று எழுதிவந்தேன், இனி முடியாது.

"எந்திரி, போலாம்," என்றேன்.

அக்கா தயங்கினாள். ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்தேன். சத்தம் கேட்டு அவன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். நிலையின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு சிரித்தான். "எங்க போறா? மழையில எங்கயும் போகாண்டாம். சாயா போடு." அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் பார்த்த அதே பார்வை. நான் தோளைப் பார்த்தேன். வலது தோள் மெல்ல ஏறியது. சட்டைக் காலர் காதை நோக்கி நகர்ந்தது.

என் வாழ்க்கையில் நூறு முறை அந்த இடத்தைப் பார்த்துப் பின்னால் நகர்ந்திருக்கிறேன். ஆயிரம் முறை அந்த இடத்தில் படத்தை வெட்டியிருக்கிறேன். அன்று நகரவில்லை. அடுப்புத் திட்டில் இரும்புத் தோசைக்கல் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து, ஓங்கிய அவன் கையின் முழங்கைக்குக் கீழே முழு பலத்தோடு இறக்கினேன். எலும்பு முறிவது பச்சை மரச்சீனிக்கம்பை ஒடிப்பது போலக் கேட்டது. சினிமாவில் போடுகிற சத்தத்தில் பாதிகூட இல்லை.

அவன் அலறிக்கொண்டு கையைப் பிடித்துக் குனிந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். குனிந்த முதுகில் இன்னொன்று போட்டேன். முழங்கால் மடங்கி உட்கார்ந்தான், தோள்பட்டையில் இன்னொன்று போட்டேன். இரண்டாவதற்குத் தேவை இருக்கவில்லை, மூன்றாவதற்கும் இருக்கவில்லை. நன்றாக இருந்தது என்பதால் அடித்தேன். கைகால் எல்லாம் சூடாக, லேசாக, பல வருடத்துப் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான்காவதற்கு ஓங்கும்போது, "மதி, போதும்," என்று அக்கா சொன்னாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அப்போது கவனிக்கவில்லை.

ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து தக்கலைக்கு வந்து சேர்ந்தோம். அக்காவுக்கு விலாவில் ஒரு எலும்பு விரிசல் விட்டிருந்தது. போலீஸ் வரும் என்று நான் காத்திருந்தேன், வரவில்லை. மழையில் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது என்று அவன் ஊருக்குச் சொல்லியிருக்கிறான். பொம்பிளை அடித்து ஒடித்தாள் என்று எப்படிச் சொல்வான்? அக்கா பல வருடமாக டாக்டரிடம் சொன்னதும் அதே வழுக்கல்தான். சபையிலிருந்து இரண்டு பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "ஒரு பெண்பிள்ள கை ஓங்கலாமா மோளே?" என்று ஒருவர் கேட்டார். "ஓங்கல, எறக்கினேன்," என்றேன். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்கா திரும்பிப் போகவில்லை. வீக்கம் வடிந்தது, கண் தெளிந்தது, கை குட்டையான ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். சென்னையிலிருந்து அந்தப் பையன் மறுபடி கூப்பிட்டான், மாற்றாகப் போட்ட ஆளுக்குக் கை சரியாக வரவில்லையாம். நான் பழையபடி மேஜையில் உட்கார்ந்து, ஓங்கிய கைகளுக்குப் பக்கத்தில் குறி போட ஆரம்பித்தேன். அம்மைகூட எதுவும் சொல்வதில்லை. வீட்டில் மூன்று பெண்கள், ஆண் ஒருவனும் இல்லை, அடிக்க ஆளில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், அம்மை சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வெளியே மழை. நான் காலையிலிருந்து ஒரே படத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டன் சாயா கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கிளாஸ் சரிந்து, சாயா முழுக்க கீபோர்டுக்குள் இறங்கியது. திரை ஒரு முறை வெட்டி இருண்டுபோனது. அரைநாள் வேலை போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். சிரிக்கவும் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஓடாமல், தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி அடுக்களைக்குள் போனாள். கதவு சாத்துவது கேட்டது. தாழ்ப்பாள் விழுவது கேட்டது. நான் முன்னறை நடுவில் நின்று, இடது கையால் என் வலது தோளைத் தொட்டுப் பார்த்தேன். அது காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்திக் கீழே இறக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். தாழ்ப்பாள் மெல்ல விலகியது. கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"முடிஞ்சுதா மக்கா?" என்று அக்கா கேட்டாள்.